சீனியர் ரெஸ்யூமேயில் நீங்க எங்கே இருக்கீங்க?

ஃபைனல் இயர் வந்தாச்சா? அப்போ உங்க ஹாஸ்டலிலும் அந்த ஃபைல் சுற்ற ஆரம்பித்திருக்கும். போன வருஷம் செலக்ட் ஆன சீனியரோட ரெஸ்யூமே! பெயரை மாற்று, மார்க்கை மாற்று, பிரிண்ட் எடு... வேலை முடிஞ்சுது. ஆனால் பலருக்கு வேலை கைநழுவுவதும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சவாலான சூழலில் பணியாற்றி, என் திறமையை வளர்த்து, நிறுவனத்தையும் வளர்க்க ஆசை என்று முதல் வரியிலேயே ஒரு ‘அப்ஜெக்டிவ்’ இருக்கும். கிளாஸில் அறுபது பேரும் இதையே எழுதினால், தேர்வு செய்பவருக்கு அறுபது பேரும் ஒரே ஆள்தான். அந்த வரியைத் தூக்கிடுங்க. எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள், அதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது என்று இரண்டே வரியில் சொல்லுங்கள், போதும்.

வீட்டு வேலையும் வேலைதான்!

கணபதி, பீளமேடு பக்கம் போனால் லேத் பட்டறை, மோட்டார் பம்ப் யூனிட். சோமனூர், பல்லடத்தில் விசைத்தறி. திருப்பூரில் பனியன் கம்பெனி. லீவு நாளில் இங்கெல்லாம் கைகொடுத்து வளர்ந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அவர்களே ரெஸ்யூமேயில் ‘எக்ஸ்பீரியன்ஸ்: நில்’ என்று எழுதுவார்கள். கேட்டால், “அது நம்ம பட்டறைங்க, அதையெல்லாம் எப்படிங்க எழுதறது?” என்று கூச்சம்.

தாராளமா எழுதலாம். ஆனால் ‘அப்பாவுக்கு உதவி செய்தேன்’ என்று பொத்தாம் பொதுவாக வேண்டாம். ‘இரண்டு வருட விடுமுறைகளில் லேத்தில் ஷாஃப்ட் கடைந்தேன். மைக்ரோமீட்டரில் அளவு சரிபார்ப்பேன். ஜாப் ஒர்க் பில்களை டேலியில் ஏற்றினேன்’ என்று எழுதிப் பாருங்கள். படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

நம்ம ஊர் ஜி.டி. நாயுடுவையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். கோவையில் ஓட்டல் சர்வராக உழைத்துச் சேர்த்த காசில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பிரித்து மாட்டி இயந்திரம் கற்றார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்தியாவின் முதல் மின் மோட்டாரை உருவாக்கினார். அவருக்கு ஒரு ரெஸ்யூமே எழுதினால், அந்த சர்வர் வேலையை வெட்டிவிடுவீர்களா? கதையே அங்கேதானே தொடங்குகிறது!

சின்னத் தப்பு, பெரிய அடி

* ஆங்கிலத்தில் ‘மேனேஜர்’ என்ற சொல்லில் ஓர் ‘ஏ’ விட்டுப்போனால் அது மாட்டுத் தீவனத் தொட்டி! அதுவும் சரியான சொல் என்பதால் கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போடாது. நண்பரிடம் ஒருமுறை படிக்கக் கொடுங்கள்.

* சாதி, மதம், அப்பாவின் தொழில், ஆதார் எண்... கேட்காதவரை இதெல்லாம் வேண்டாம்.

* ‘ஸ்வீட் ராஸ்கல்’ ரக இமெயில் முகவரியை நண்பர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஃபைலுக்கு ‘நியூ ஃபைனல் 3’ என்று இல்லாமல் உங்க பெயரையே வையுங்கள்.

* புதிதாக வேலை தேடுபவருக்கு ஒரு பக்கம் போதும். பல நிறுவனங்களில் முதலில் படிப்பது மென்பொருள்தான். படத்துக்குள்ளும் கட்டங்களுக்குள்ளும் எழுதியதை அது தவறவிடலாம்.

* அரியர் இருப்பதை மறைக்காதீர்கள். சான்றிதழ் சரிபார்க்கும்போது மாட்டினால், கைக்கு வந்த வேலையும் போகும்.

ஒரே சட்டை எல்லாருக்கும் சேராது

லியோனார்டோ டா வின்சி சுமார் 1482-ல் மிலான் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு ஒரு கடிதம் தயாரித்தார். அதில் பாலம், பீரங்கி என்று போருக்கு உதவும் திறமைகளை வரிசையாக அடுக்கினார். ஓவியம் வரைவேன் என்பது கடைசியில்தான்! கேட்பவருக்கு எது தேவையோ, அது முதலில். பம்ப் கம்பெனிக்குப் போகும் ரெஸ்யூமேயில் பட்டறை அனுபவம் மேலே இருக்கட்டும். சாஃப்ட்வேர் கம்பெனிக்கு என்றால் நீங்களே எழுதிய புரோகிராம் மேலே வரட்டும்.

அனுப்பும் முன் ஒரு டெஸ்ட். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, ‘இதைப் பற்றி இரண்டு நிமிஷம் என்னால பேச முடியுமா?’ என்று கேளுங்கள். முடியாத வரி சீனியருடையது, அடிச்சிடுங்க. முடிகிற வரி உங்களுடையது. அது நாலே நாலுதான் தேறினாலும், இன்டர்வியூவில் உங்களைக் காப்பாற்றப்போவது அந்த நாலுதான்!