விமானப் பயிற்சியிலிருந்து கட்டடக் கலைக்கு

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய கவலை சற்று மிகுதியாகவே காணப்படுகிறது. சொந்த ஊரில் நிலம் உண்டு, உறவு உண்டு, நாலு தெரிந்தவர்கள் உண்டு. இங்கோ பிள்ளைகளின் கல்வி ஒன்றே நாம் தேடி வைக்கும் சொத்து. ஆதலால், தேர்ந்தெடுத்த வழியைப் பிள்ளை நடுவில் மாற்ற நேரும்போது வீடே கலங்கிப் போகிறது.

அத்தகைய கலக்கம் ஒன்றைத் தில்லியில் நாம் அருகிருந்து கண்டதுண்டு. நம்மோடு பணியாற்றிய நண்பர், வருங்கால வைப்பு நிதியிலிருந்து பணம் எடுத்தும், வங்கியில் கடன் பெற்றும் மகனை விமானப் பயிற்சிக்கு அனுப்பினார். பையன் நாற்பது மணி நேரம் பறந்தும் விட்டான். அதன் பின்னரே முதல் வகுப்பு மருத்துவச் சோதனைக்குச் சென்றான். வண்ணப் புள்ளிகளுக்கிடையே மறைந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்லும் சோதனையில், சிவப்பையும் பச்சையையும் அவனால் சரிவரப் பிரித்தறிய முடியவில்லை. மேற்சோதனையிலும் அம்முடிவு மாறவில்லை. தொடக்கத்தில் நடந்த இரண்டாம் வகுப்புச் சோதனையில் இக்குறை எவர் கண்ணிலும் படாமற் போயிற்று. ஓரிரு திங்கள் கழித்து, கட்டடக் கலை பயில விரும்புவதாகப் பையன் சொன்னான். "பறக்கப் போனவன் செங்கல் எண்ணப் போவதா?" என்று நண்பர் நம்மிடம் மனம் நொந்து கேட்டார்.

அக்கேள்விக்கு விடை காணுமுன், எது கைவிட்டுப் போயிற்று, எது கையில் நின்றது என்று கணக்குப் பார்ப்பது நலம். வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருத்தல் வேண்டும். பையன் பறந்த நாற்பது மணி நேரத்தை எந்தக் கட்டடக் கலைக் கல்லூரியும் கணக்கில் கொள்ளாது. அவன் முதலாண்டிலிருந்தே தொடங்க வேண்டும். படிப்புக் காலம் 5 ஆண்டுகள். செலவிட்ட பணமும் மீளாது. இவற்றை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

ஆயினும் எல்லாம் வீணாகி விடவில்லை. விமானப் பயிற்சிக்கென அவன் பள்ளியில் கற்ற இயற்பியலும் கணிதமுமே கட்டடக் கலைக்கும் நுழைவாயில்கள். பயிற்சிக் கூடத்தில் கற்ற வானிலையியலோ இன்னும் நெருங்கிய துணை. விமானம் காற்றை எதிர்த்தே ஏறவும் இறங்கவும் வேண்டுமாதலால், ஓர் இடத்தில் பெரும்பாலும் வீசும் காற்றை ஆராய்ந்தே ஓடுபாதையின் திசையை வகுக்கின்றனர். சென்னை விமான நிலையத்தின் முதன்மை ஓடுபாதைக்கு 07 என்றும், அதன் மறுமுனைக்கு 25 என்றும் எண்கள் உள்ளன. காந்த வடக்கிலிருந்து ஏறத்தாழ 70 பாகை, 250 பாகை என்பதே அவற்றின் பொருள். வீடு கட்டுபவரும் முதலில் கேட்க வேண்டியது இதே கேள்விதான். சென்னையில் கடற்காற்றுக்காகக் கிழக்கிலும் தென்கிழக்கிலும் சாளரம் திறக்கிறோம். தில்லியிலோ, மே, ஜூன் மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் 'லூ' என்னும் அனற்காற்றைத் தடுக்க அப்பக்கத்தை அடைக்கிறோம். காற்றைப் படிக்கத் தெரிந்தவனுக்கு இது புதிய பாடமன்று.

பாரத்தைப் பற்றிய அறிவும் அவ்வாறே. புறப்படுமுன் விமானி எடையையும் அது அமையும் இடத்தையும் கணக்கிடுகிறான். கட்டடத்திலோ கூரையின் பாரம் உத்திரம், தூண், அடித்தளம் வழியே மண்ணைச் சேரும் வகையைக் கணக்கிட வேண்டும். மேலிருந்து நோக்கும் பழக்கமும் உதவும். தரைப்படம் என்பது, சுவர்களைச் சாளர உயரத்தில் கிடையாக வெட்டி, மேலிருந்து கண்டாற் போல் வரைவதேயன்றோ?

இவ்விரு துறைகளுக்கும் உள்ள உறவுக்கு உலகறிந்த சான்றும் உண்டு. இங்கிலாந்தின் நார்மன் ஃபாஸ்டர் பதினாறு வயதில் பள்ளியை விட்டு, மான்செஸ்டர் நகர மன்ற அலுவலகத்தில் வேலை பார்த்தார். 1953-இல் விமானப் படையில் சேர்ந்து இரண்டாண்டுகள் பணிபுரிந்தார். 1956-இல் மான்செஸ்டர் பல்கலைக் கழகத்தில் கட்டடக் கலை பயிலப் புகுந்தார். பிற்காலத்தில் விமானம் ஓட்டவும் கற்றார். லண்டனை அடுத்த ஸ்டான்ஸ்டெட் நிலையத்திலும் (1991), ஹாங்காங்கின் புதிய நிலையத்திலும் (1998) அவர் கைவண்ணத்தைக் காணலாம். ஸ்டான்ஸ்டெட்டில் எந்திரங்களையும் குழாய்களையும் தளத்தின் கீழே அமைத்து, கூரை வழியே பகலொளி இறங்கச் செய்தார். 1999-இல் பிரிட்ஸ்கர் பரிசு அவருக்குக் கிடைத்தது.

இனி நடைமுறையைக் கவனிப்போம். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டடக் கலைக் கவுன்சிலில் பதிவு பெற்றவரே 'ஆர்க்கிடெக்ட்' என்ற பெயரைப் பூணலாம். கல்லூரியில் சேர 'நாட்டா' என்னும் தேர்வு ஒரு வழி, ஜே.இ.இ. மெயின் தேர்வின் இரண்டாம் தாள் மற்றொரு வழி. தில்லி, போபால், விஜயவாடா ஆகிய இடங்களிலுள்ள திட்டமிடல், கட்டடக் கலைக் கழகங்களிலும், திருச்சிராப்பள்ளித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்திலும் சேர இவ்விரண்டாம் வழியே உரியது. பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய ஆண்டிலும் அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் மட்டுமே ஜே.இ.இ. மெயின் எழுத இயலும். ஆதலின் வழி மாறுவோர் காலந்தாழ்த்தலாகாது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளை நாடும் வெளி மாநிலத் தமிழர், இருப்பிடச் சான்றை முன்கூட்டியே பெற்று வைப்பது நன்று. விமானப் பயிற்சியை விரும்பும் வீட்டாருக்கும் ஒரு சொல்: முதல் வகுப்பு மருத்துவச் சோதனை முடிந்த பின்னரே பணம் கட்டுங்கள்.

நம் நண்பரின் மகன் மறு ஆண்டே தேர்வெழுதிக் கல்லூரியில் சேர்ந்தான். கடன் தவணை இன்றும் தீர்ந்தபாடில்லை. சென்ற கோடையில், தகப்பனாரின் வாடகை வீட்டு மேற்குச் சாளரத்துக்கு மூங்கில் தட்டி ஒன்றை அவனே அளந்து கட்டினான். அறையில் வெக்கை குறைந்ததென்று நண்பர் நம்மிடம் இருமுறை சொன்னார். செங்கல்லைப் பற்றிய பேச்சை அவர் அதன் பின் எடுக்கவில்லை.