காயே தேடிக்கொள்ளும் சுண்ணாம்பு

கல்லணையில் பிரிந்து தஞ்சாவூர் வழியாகப் பட்டுக்கோட்டைச் சீமைக்குப் போகும் கால்வாயை ஊரார் புது ஆறு என்பார்கள். மேட்டூர் அணை எழும்பிய 1930களில் வெட்டியது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கம் வண்டல் குறைந்து செம்மண்ணும் மணலும் கலந்துவரும். அங்கே நெல்லோடு நிலக்கடலையும் விளைகிறது. நெல்லுக்குப் பழகிய கை, கடலைக்கும் தண்ணீரையும் யூரியாவையும் தாராளமாகவே விடப் பார்க்கும்.

கடலைச் செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். கடுகளவும் மிளகளவுமாக முண்டுகள். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு; நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான புரதம் தரும் நிறம் அது. முண்டுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்க, செடி அவற்றுக்குச் சர்க்கரை தருகிறது. பருப்பில் ஏறத்தாழ கால் பங்கு புரதம். அதற்கு வேண்டிய நைட்ரஜனில் பெரும்பகுதி இப்படித்தான் சேர்கிறது. முண்டு வேலைக்கு வரும்வரை இளஞ்செடிக்குக் கொஞ்சம் தழைச்சத்து (நைட்ரஜன்) வேண்டும். அதனால்தான் வேளாண் பல்கலைக்கழகம் ஹெக்டேருக்கு நெல்லுக்கு 150 கிலோ தழைச்சத்து சொல்லும் இடத்தில், இறவைக் கடலைக்கு 25 கிலோவோடு நிறுத்திக்கொள்கிறது. மிஞ்சிப் போட்டால் செடி முண்டு வளர்ப்பதைக் குறைத்துக்கொள்ளும், கொடிதான் தழைக்கும். தண்ணீர் தேங்கினாலோ முண்டுக்குக் காற்று கிடைக்காமல் இலை வெளுக்கும். அதைச் சத்துக் குறை என்று எண்ணி மறுபடி யூரியா தூவுவது வருத்தமான தவறு, ஏனென்றால் அங்கே வேண்டியது வடிகால்.

எனக்குத் தீராத வியப்பு சுண்ணாம்புச் சத்தில்தான். மஞ்சள் பூ வெளியே பூக்கிறது. அதன் அடியிலிருந்து நீளும் விழுது மண்ணுக்குள் இறங்கிக் காயாகிறது. வேர் உறிஞ்சும் சுண்ணாம்புச் சத்து, இலை ஆவியாக்கும் நீரின் இழுப்பில் மேலே ஏறிவிடும். இலையிலிருந்து அது திரும்பி இறங்குவது அரிது. மண்ணுக்குள் இருக்கும் காய்க்கு ஆவியாக்க வழியில்லை. ஆகவே வேரை நம்பாமல், தன் ஓட்டின் வழியே சுற்றியுள்ள மண்ணிலிருந்து தானே எடுத்துக்கொள்கிறது. ஒரே செடியில் வேருக்கு ஒரு பந்தி, காய்க்கு ஒரு பந்தி!

ஏறக்குறைய 45ஆம் நாளில் சுண்ணாம்புச் சத்துள்ள ஜிப்சத்தை ஹெக்டேருக்கு 400 கிலோ இட்டு மண் அணைப்பது இதற்காகவே. ஜிப்சம் கரைந்தால்தான் காய்க்குள் போகும். ஆழத்தில் ஈரம் இருந்து செடி பச்சையாக நிற்கலாம். விழுது இறங்கிய மேல்மண் காய்ந்துவிட்டால் காய் பசித்திருக்கும். அறுவடையில் அது பொக்காக வரும். பருப்பு கட்டியிருந்தாலும், பிளந்து பார்த்தால் சிலவற்றில் முளைக்குருத்து கறுத்திருக்கும். விதைக்கு எடுத்து வைத்தால் சரியாக முளைக்காது.