ஒரே ஒரு யூனிட்... 243 ரூபாய்!



வெயில் காலத்து கரன்ட் பில் வரும் நாளில் உங்கள் வீட்டில் என்ன நடக்கும்? எங்கள் ஆவடியில் நடப்பதைச் சொல்கிறேன். அப்பாவின் போனில் குறுஞ்செய்தி வரும். "என்ன, இவ்வளவா?" என்பார். அம்மா உங்களைப் பார்ப்பார். நீங்கள் மேலே சுற்றும் ஃபேனைப் பார்ப்பீர்கள்!

எங்கள் தெருவில் ஏழாம் வகுப்பு படிக்கும் சிறுமி ஒருத்தி, இரண்டு ரசீதுகளோடு என்னிடம் வந்தாள். "பாட்டி, போன தடவை 490 யூனிட், 1,742 ரூபாய். இந்தத் தடவை 510 யூனிட், 2,124 ரூபாய். இருபது யூனிட்தான் கூட, 382 ரூபாய் ஏறிடுச்சு. தப்பா கணக்கு போட்டுட்டாங்களா?" என்றாள். நல்ல கேள்வி! இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நீங்களும் ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், யூனிட் என்றால் என்ன? 1000 வாட் கருவி ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் மின்சாரம்தான் ஒரு யூனிட். அயர்ன் பாக்ஸ் பெரும்பாலும் 1000 வாட். அது ஒரு மணி நேரத்தில் தின்பதை, 20 வாட் எல்.ஈ.டி. ட்யூப்லைட் தின்ன 50 மணி நேரம் ஆகும். பழைய வகை ஃபேன் 75 வாட். பதிமூன்று மணி நேரத்துக்கு மேல் சுற்றினால்தான் ஒரு யூனிட். ஒன்றரை டன் ஏ.சி. முழு வேகத்தில் ஓடினால் முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது.

மீட்டரில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று கண் சிமிட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று மீட்டரின் முகப்பிலேயே அச்சடித்திருக்கும். 3200 என்று இருந்தால், அயர்ன் பாக்ஸ் சூடாகும்போது அந்த ஒன்றுக்காக மட்டும் நிமிடத்துக்கு 53 முறை சிமிட்டும். பெரியவர் ஒருவரோடு நின்று எண்ணிப் பாருங்கள். மீட்டரையோ ஒயரையோ தொடக்கூடாது.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வருவார்கள் அல்லவா? இப்போதைய ரீடிங்கில் இருந்து முந்தைய ரீடிங்கைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் செலவழித்த யூனிட். ரசீதில் 'தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம்' என்று இருக்கும். நாம் என்னவோ இன்னும் 'ஈ.பி.' என்றுதான் சொல்கிறோம்! மின் இணைப்பின் வகை '1 ஏ' என்று இருந்தால் அது வீட்டு இணைப்பு. வாசலில் கடை வைத்திருப்பவர்களின் கடைக்கு வகை 5. அதற்குக் கட்டணம் வேறு, அதிகமும்கூட.

இனி விலை. இங்கே நான் சொல்வது 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த கட்டணம். கட்டணத்தை நிர்ணயிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். அவர்கள் விலையை மாற்றினால் நீங்கள் எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

மொத்தம் 500 யூனிட் வரை செலவழிக்கும் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம் (இது 2016இல் வந்தது). அடுத்த 100 யூனிட்டுக்குத் தலா 2 ரூபாய் 35 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 காசு. மாடிப்படி போல ஏறுகிறது, பார்த்தீர்களா? சிறுமியின் முதல் ரசீதுக்கு 235 + 940 + 567 என்று கூட்டினோம். சரியாக 1,742!

ஆனால் 500ஐத் தாண்டினால் படி மட்டும் உயர்வதில்லை, கீழே இருந்த ஒரு படியும் மாறிவிடுகிறது. இரண்டாவது நூறுக்குக் கிடைத்த அரை விலைச் சலுகை போய்விடும். 101 முதல் 400 வரை எல்லாமே 4 ரூபாய் 70 காசுதான். அதிலேயே 235 ரூபாய் கூடிவிட்டது. 500க்கு மேல் 600 வரை உள்ள ஒவ்வொரு யூனிட்டுக்கும் 8 ரூபாய் 40 காசு. இப்போது 510 யூனிட்டுக்குக் கூட்டுங்கள்: 1,410 + 630 + 84. அதே 2,124! யாரும் தப்பாகப் போடவில்லை.

சரியாக 500 யூனிட் என்றால் 1,805 ரூபாய். 501 என்றால் 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு! குறைவாகச் செலவழிப்பவருக்கு அரசு மானியம் தர வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனாலும் ஒரு யூனிட்டுக்கு இது கொஞ்சம் அதிகம் என்றுதான் படுகிறது. அம்பத்தூர் பக்கம் ஒரே மீட்டரில் இரண்டு மூன்று போர்ஷன்கள் இருக்கும் வீடுகள் உண்டு. எல்லாருடைய யூனிட்டும் ஒன்றாகச் சேர்வதால், அவர்கள் வெயில் காலத்துக்கு முன்பே 500ஐத் தாண்டிவிடுவார்கள், பாவம்.

"அந்தப் பத்து யூனிட்டை எங்கே பிடிக்கிறது பாட்டி?" என்று கேட்டாள். வீட்டைச் சுற்றிப் பார்த்து அவளே கண்டுபிடித்தாள். யாரும் இல்லாத அறைகளில் இரண்டு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைத் தினமும் ஒரு மணி பத்து நிமிடம் நிறுத்தினால் 60 நாளில் பத்தரை யூனிட் மிச்சம். மேல்தொட்டி நிரம்பி வழிந்த பிறகும் ஓடிய போர் மோட்டாரையும் குறித்துக்கொண்டாள். ஒரு குதிரைத்திறன் மோட்டார் என்றால் மணிக்கு முக்கால் யூனிட்டாவது ஆகும்.

இப்போது அவள் ரீடிங் எடுத்த தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு, ஞாயிறுதோறும் மீட்டரைப் பார்த்து எழுதுகிறாள். முப்பதாம் நாளிலேயே 250ஐத் தாண்டிவிட்டால் வீட்டில் அறிவிப்பு வந்துவிடும். தாத்தாவின் ஃபேனை மட்டும் அவள் தொடுவதில்லை!

உங்களுக்கு ஒரு கணக்கு: திருவேற்காட்டில் ஒரு வீடு. முந்தைய ரீடிங் 12,865. இப்போதைய ரீடிங் 13,295. மேலே சொன்ன கட்டணப்படி எவ்வளவு கட்ட வேண்டும்?

(விடை: 430 யூனிட், 1,364 ரூபாய்)