கொழும்பு கேட்ட குரல்கள் – 9: மாமியாரின் யௌவனம்

சென்ற இதழில் இலங்கை வானொலி வர்த்தக சேவையின் அறிவிப்பாளர்களைப் பற்றி எழுதியபொழுது, பொப்பிசை என்னும் துள்ளிசையைத் தொடாமல் விட்டதற்குக் காரணம், அதைத் தனியே எடுத்துப் பேசவேண்டும் என்ற விருப்பமே. ஆனால் அதற்கு முன்னர், இக்காலத்துச் சின்னத்திரை நாடகங்களைக் குறித்து நெடுநாளாக மனத்தில் கிடக்கும் ஒரு குறையைச் சொல்லிவிட்டே அப்பால் செல்ல வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

மாலை மயங்கிய பின் வெள்ளவத்தையின் மாடிக் குடியிருப்புகளில் எதன் படியேறிச் சென்றாலும், கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியின் எந்த வீட்டு வாசலைக் கடந்தாலும், சென்னையில் தயாராகும் தொடர்களின் சம்பாஷணையே காதில் விழுகின்றது. அவற்றை நானும் பிரியத்தோடு பார்க்கிறேன். 'எதிர்நீச்ச'லில் ஆதி குணசேகரனாகத் தோன்றிய ஜி. மாரிமுத்து, ஒரு குடும்பம் முழுவதையும் தன் ஒற்றைப் பார்வையினால் நடுங்கச் செய்த அந்த அபூர்வ நடிகர், 2023 செப்டெம்பரில் அத்தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த நாளிலேயே மறைந்தார் என்று கேட்டபொழுது, சொந்தத்தில் ஒருவரை இழந்தாற்போலத் துக்கித்தேன். ஆகவே இதைப் பகையினால் சொல்லவில்லை: இந்த நாடகங்களில் வயது முதிர்ந்த எவருக்கும் வாலிபம் என்ற ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. இன்று எழுபது வயதை எட்டிய ஒரு மாமியார், 1970களின் நடுவில் இருபது வயது யுவதி. கிற்றாரின் நாதமும் மேடை விளக்கும் அறிந்த தலைமுறையைச் சேர்ந்தவர். நாடகாசிரியர்களோ அவரைத் தம் பாட்டியின் பாட்டியாகப் பாவித்து, பூசையறைக்கும் சமையலறைக்கும் இடையே நிறுத்திவிடுகிறார்கள். அவர் ஒரு பாட்டின் இரண்டு வரியை முணுமுணுத்து நான் கண்டதில்லை.

கொழும்பில் அந்த யுவதி எதைக் கேட்டிருப்பார்? மிக்னொன் பாடிய ஜெட்லைனர்ஸ் குழுவின் ஆங்கிலப் பாடல்கள் நகரத்தின் ஹோட்டல்களில் ஒலித்தன. வொலி பாஸ்தியன் வளர்த்த பைலா கடற்கரையெங்கும் ஆடியது. கிளாரன்ஸ் விஜேவர்த்தனவும் அனெஸ்லி மாலேவனவும் மூன்ஸ்டோன்ஸ் குழுவினராகச் சிங்களத்துக்கு மின் கிற்றாரைக் கொண்டுவந்தனர். இந்தப் பிரவாகத்தின் நடுவிலேதான், சினிமா சங்கீதத்தைச் சாராமல், சொந்தச் சாகித்தியத்தோடு, நம் இளைஞர் பொப்பிசை பாடத் தொடங்கினர்.

அவர்களுள் நித்தி கனகரத்தினத்தை நான் முதன்மையாக மதிப்பது குரலுக்காக மட்டுமன்று. அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில் மாணவராயிருந்த காலத்தில் அவர் இயற்றிய 'சின்ன மாமியே' என்னும் பாட்டை நாடகம் என்று சொல்வதே பொருந்தும். மருமகன் முறையான ஒருவன் மாமியிடம் அவள் மகளைப் பற்றி விசாரிக்கிறான். மகள் பள்ளிக்கூடம் போயிருப்பதாக மாமி வாஞ்சையோடு விடையிறுக்கிறாள். அவனுடைய சந்தேகம் வளர, அவளுடைய தாய்மை அதை எதிர்த்து நிற்கிறது. இரண்டு பாத்திரங்கள், ஒரு முற்றம், யாழ்ப்பாணத்து வீட்டுப் பேச்சு. சில நிமிடங்களுக்குள் ஒரு குடும்பத்தின் நேசமும் அச்சமும் நம் முன் வந்துவிடுகின்றன. இக்காலத்துத் தொடர் ஒன்று, மின்னலும் இடியுமான பின்னணி ஓசையோடு, மூவர் முகத்தை மாறி மாறிக் காட்டி ஒரு வாரத்தில் கடக்கும் தூரம் இது. அவர் பாடிய 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே'யிலும் இதே நாடக உணர்ச்சி உண்டு. அறிவுரை கூறும் குரல் மேடையிலிருந்து வராமல், பக்கத்து வளவிலிருந்து வருகின்றது.

ஏ. ஈ. மனோகரனுடைய வழி வேறு. தமிழும் சிங்களமும் கலந்து, மீனைக் கொண்டுவந்து சுராங்கனியை அழைக்கும் அவருடைய பாட்டு கடல் கடந்தது. 1977இல் வெளியான 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜாவின் இசையில் மலேசியா வாசுதேவன் அதைப் பாடினார். தமிழகத்தில் 'சிலோன் மனோகர்' என்று பெயர்பெற்று, திரைப்படங்களில் வில்லனாகவும் பின்னர் சின்னத்திரைத் தொடர்களிலும் நடித்து, 2018 ஜனவரியில் சென்னையில் அவர் காலமானார். நம் பொப்பிசையின் சக்கரவர்த்தியே தொடர் நாடகத்துக்குள் நடமாடியிருந்தும், அந்த இசையின் ஞாபகம் அதன் கதைக்குள் நுழையவில்லை என்பதே என் ஆதங்கம்.

நம்மவரே அதைச் செய்திருக்கலாகாதா என்று கேட்கலாம். ரூபவாஹினித் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது 1982 பெப்ரவரியில். மறுவருடம் ஜூலையில் வெள்ளவத்தையின் தமிழ் வீடுகள் எரிந்தன. பாடியவர்களும் கேட்டவர்களும் கப்பலேறி வடக்குக்குச் சென்றார்கள், பிறகு விமானமேறிக் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் சென்றார்கள். நித்தி கனகரத்தினமும் அவுஸ்திரேலியவாசியானார். துள்ளிசையின் யுகமும் தொலைக்காட்சியின் யுகமும் இந்நாட்டுத் தமிழருக்கு ஒன்றையொன்று சந்திக்க அவகாசமே கிடைக்கவில்லை. இல்லையேல், காலி வீதியை நோக்கிய மாடி வீடொன்றில், பேரப்பிள்ளையின் கைத்தொலைபேசியில் தற்செயலாய் எழுந்த பழைய துள்ளிசைப் பாட்டொன்றைக் கேட்டு, இறுக்கமான மாமியார் ஒருவர் தம் பழைய பெயரும் பழைய சிரிப்புமாக மாறும் காட்சியை எழுத, கற்பனா சக்தி படைத்த ஒருவர் நம்மிடையே தோன்றியிருக்க மாட்டாரா?

இத்தகைய நாடகம் நம்மால் இயலாததன்று. சில்லையூர் செல்வராசன் எழுதி, கமலினி செல்வராசனும் கே. எஸ். பாலச்சந்திரனும் நடித்த 'தணியாத தாகம்' வானொலியில் ஒலித்தபொழுது, நம்முடைய பேச்சே கதையைச் சுமந்து சென்றது. அந்த நாடகத்தையும், 'அண்ணை றைற்' என்னும் தனிநடிப்பில் பஸ் நடத்துநர் ஒருவரை நம் கண்முன் நிறுத்திய பாலச்சந்திரனையும் பற்றி அடுத்த வாரம் விரிவாக எழுதுகிறேன்.

(தொடரும்)