திருப்பதியில் எந்தப் பகுதியில் தங்குவது?

திருமலை தரிசனத்திற்குத் திட்டமிடும் குடும்பங்கள் பெரும்பாலும் தரிசனச் சீட்டையும் ரயில் சீட்டையும் மாதக்கணக்கில் முன்னதாகவே வாங்கிவிடுகின்றன. தங்கும் அறையை மட்டும் கடைசி வாரத்தில், கைப்பேசித் திரையில் எது மலிவாகத் தென்படுகிறதோ அதைப் பார்த்து முடிவு செய்கின்றன. அத்திரையில் ‘திருப்பதி’ என்று ஒரே பெயரில் காட்டப்படும் ஊர், உண்மையில் மலைமேல் ஒன்றாகவும் அடிவாரத்தில் மற்றொன்றாகவும் சுற்றுவட்டாரத்தில் நான்கைந்து ஊர்களாகவும் பரந்து கிடக்கிறது. ரேணிகுண்டாவில் உள்ள விடுதியும் அலிபிரியில் உள்ள விடுதியும் பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும். இரவு பதினோரு மணிக்குக் குழந்தையுடன் ஆட்டோ தேடும்போதுதான் அவற்றுக்கிடையே உள்ள தொலைவு விளங்கும்.

எனவே வாடகையை ஒப்பிடுவதற்கு முன் இரண்டு விடைகள் கையில் இருத்தல் வேண்டும். தரிசன நேரம் எப்போது? மலைக்குச் செல்வது பேருந்திலா, சொந்த வாகனத்திலா, நடந்தா? இவ்விரண்டும் தெரிந்துவிட்டால், தங்க வேண்டிய பகுதி பெரும்பாலும் தானே முடிவாகிவிடும்.

மலைமேல் தங்குவதே அனைவரின் முதல் விருப்பம். திருமலையில் தனியார் ஓட்டல் அறைகள் கிடையா. மடங்களுக்கு உரிய விடுதிகள் சில இருப்பினும், பெரும்பாலான அறைகள் தேவஸ்தானத்தின் பொறுப்பிலேயே உள்ளன. நாளொன்றுக்கு 50 ரூபாய், 100 ரூபாய் வாடகையிலிருந்து ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்டவை வரை அறைகள் உண்டு. அவற்றில் ஒரு பகுதி ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு முன்பே இணையத்தில் திறக்கப்பட்டு விரைவில் தீர்ந்துவிடுகிறது. எஞ்சியவை நேரில் வருபவர்களுக்கு மத்திய வரவேற்பு அலுவலகத்தின் வழியாக ஒதுக்கப்படுகின்றன. அடையாள அட்டை கட்டாயம். 2023 மார்ச் முதல் முக அடையாள முறையும் நடைமுறைக்கு வந்துள்ளதால், ஒருவர் பெயரில் பெற்ற அறையை இன்னொருவருக்குக் கைமாற்றும் இடைத்தரகர் வழக்கம் எளிதில் நடவாது. அறை கிடைக்காதவர்களுக்கென இலவசப் பொது மண்டபங்களும் லாக்கர் வசதியும் உள்ளன. நடுத்தர வயதினர் ஓரிரவைக் கழிக்க அவை போதும். முழங்கால் வலியுள்ள தாயாரை அங்கே தரையில் படுக்கச் சொல்வது முறையாகாது.

மலைமேல் தங்கியே ஆகவேண்டியவர் யார் எனில், விடியலுக்கு முந்தைய சேவைச் சீட்டு பெற்றவர்கள். சுப்ரபாத சேவை அதிகாலை 3 மணியளவில் தொடங்குகிறது. மலைச்சாலையோ நள்ளிரவுக்குப் பின் சில மணி நேரம் பொதுவாக மூடப்பட்டிருக்கும். கீழே எவ்வளவு வசதியான அறையில் தங்கியிருந்தாலும் அந்த நேரத்தில் மேலே செல்ல வழியில்லை. சேவைச் சீட்டு கிடைத்த மகிழ்ச்சியில் இதனை மறந்துவிடுபவர்கள் உண்டு. ஆகவே அத்தகையோர் முதல்நாள் மாலையிலேயே மலையேறிவிடுதல் நன்று. பிற்பகலோ மாலையோ தரிசன நேரம் குறிக்கப்பட்டவர்களுக்கு மலைமேல் அறை ஒரு வசதியே தவிரத் தேவையன்று.

மற்றவர்களுக்கு அடிவார நகரம் இருக்கிறது. தமிழர் வழக்கில் அது கீழ்த்திருப்பதி. மலைச்சாலை 1944இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் யாத்திரிகர்கள் நடந்தோ டோலியிலோ ஏறினர். அவர்கள் இளைப்பாறிய சத்திரங்களைச் சுற்றியே கீழ்நகரின் விடுதித் தொழில் வளர்ந்தது எனலாம். இன்றும் ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதியே தங்குவதற்கு மிக நெருக்கமான, மிகப் பயனுள்ள பகுதி. நிலையத்திற்கு எதிரில் தேவஸ்தானத்தின் விஷ்ணு நிவாசம், அதன் பின்புறம் பழைய சத்திரங்கள், பேருந்து நிலையத்திற்கு எதிரில் ஸ்ரீநிவாசம், அருகில் மாதவம் ஆகியவை உள்ளன. இராமானுசர் காலத்தோடு மரபு இணைத்துப் பேசும் கோவிந்தராஜப் பெருமாள் கோயில் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவே. திருமலைப் பேருந்துகள் இப்பகுதியிலிருந்தே புறப்படுகின்றன. முன்பதிவின்றி வருபவர்களுக்கான இலவச தரிசன நேர டோக்கன்கள் விஷ்ணு நிவாசம், ஸ்ரீநிவாசம், அலிபிரி அருகே உள்ள பூதேவி வளாகம் ஆகிய இடங்களில் வழங்கப்பட்டு வருகின்றன. கவுண்டர்களும் நேரங்களும் அவ்வப்போது மாற்றப்படுவதால், புறப்படும் வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்க.

இப்பகுதியின் குறை இரைச்சல். காந்தி சாலை, திலகர் சாலை ஆகியவற்றை ஒட்டிய லாட்ஜ்களில் தெருவைப் பார்த்த அறை கிடைத்தால் உறக்கத்தை எதிர்பார்க்க வேண்டாம். பதிவு செய்யும்போதே பின்புற அறை கேட்பதும், லிஃப்ட் எந்த மாடி வரை செல்கிறது என்று வினவுவதும் நலம். மற்றொன்றும் கேட்க வேண்டும்: வாடகை இருபத்துநான்கு மணி நேரக் கணக்கா, நண்பகல் பன்னிரண்டு மணிக் கணக்கா? நள்ளிரவு ரயிலில் இறங்கி அறை எடுத்தவர், நண்பகல் கணக்கு உள்ள விடுதியில் அரைநாளுக்கு முழு வாடகை செலுத்துகிறார். தரிசனம் எப்போது முடியும் என்று உறுதியாகச் சொல்ல இயலாத ஊரில் இவ்வேறுபாடு சிறிதன்று.

முதியவர்களுடன் செல்வோருக்கு நான் பெரிதும் பரிந்துரைப்பது திருச்சானூர். நகரிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தொலைவில், பத்மாவதித் தாயார் கோயிலைச் சுற்றி அமைந்த ஊர் இது. நகரத்தின் நெரிசல் இங்கே குறைவு. சிறு விடுதிகளும் உணவகங்களும் கோயிலுக்கு அருகிலேயே உள்ளன. மலைக்குப் போகுமுன் தாயாரைத் தரிசிக்கும் வழக்கமுடையோர் முதல்நாள் மாலை இங்கே தங்கி, அமைதியாகத் தரிசித்து, மறுநாள் காலை மலைக்குச் செல்லலாம். ஆனால் கார்த்திகை மாதத்தில் தாயாருக்குப் பிரம்மோற்சவம் நடைபெறும். அதன் நிறைவான பஞ்சமி தீர்த்தத்தன்று இவ்வூரில் கால்வைக்க இடம் இராது. அவ்வாரம் மட்டும் திருச்சானூரைத் தவிர்க்கலாம்.

நடந்து ஏறுவோரின் கணக்கு வேறு. அலிபிரிப் பாதையில் 3,550 படிகள். ஒன்பது கிலோமீட்டர் அளவுள்ள வழி. அதிகாலையில் ஏறத் தொடங்க விரும்புவோருக்குக் கபில தீர்த்தம், அலிபிரி சாலைப் பகுதி விடுதிகளே ஏற்றவை. ஸ்ரீவாரி மெட்டுப் பாதையில் 2,388 படிகள். தொலைவு இரண்டு கிலோமீட்டரை ஒட்டியதாயினும் ஏற்றம் செங்குத்தானது, அனுமதியும் பகல் பொழுதில் மட்டுமே. இப்பாதை ஸ்ரீநிவாச மங்காபுரத்திற்கு அப்பால் தொடங்குவதால், சந்திரகிரிப் பக்கம் தங்குவது வசதி. விஜயநகர அரசர்களின் பிற்காலத் தலைநகராக இருந்த சந்திரகிரிக் கோட்டையையும் அதன் ராஜ மகாலையும் ஒரு மாலையில் பார்த்துவிடலாம். கூட்டமில்லாத அந்தக் கோட்டை, திருப்பதிக்குப் பலமுறை வந்து சென்றவர்களும் காணாமல் விட்ட இடம் என்பது என் எண்ணம். இங்கே ஒரு முன்யோசனை தேவை. காரை ஸ்ரீவாரி மெட்டு அடிவாரத்தில் நிறுத்திவிட்டு ஏறினால், பேருந்தில் இறங்கும்போது நீங்கள் திருப்பதி நகரில் நிற்பீர்கள். கார் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி நிற்கும். நடப்பவர்கள் வாகனத்தை விடுதியிலேயே விட்டுச்செல்வது நல்லது. காரிலேயே மலையேறுவோர், 2025 ஆகஸ்ட் 15 முதல் அலிபிரி சோதனைச் சாவடியில் ஃபாஸ்டேக் கட்டாயமாக்கப்பட்டுள்ளதை நினைவிற் கொண்டு, அதில் இருப்பு உள்ளதா என்று பார்த்துக்கொள்க.

வேலூர் வழியாகக் காரில் வருவோருக்குச் சித்தூர் ஒரு வாய்ப்பு. சித்தூரிலிருந்து திருப்பதி ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர், சாலை அகலமானது. சித்தூருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் அளவில் காணிப்பாக்கம் விநாயகர் கோயில் உள்ளது. முதல்நாள் சித்தூரில் தங்கி, காலையில் காணிப்பாக்கம் தரிசித்து, பிற்பகல் அல்லது மாலை தரிசனத்திற்குத் திருமலை செல்வது அலைச்சலற்ற ஏற்பாடு. காலை தரிசனம் பெற்றவர்களுக்கு அது பொருந்தாது. சித்தூரிலும் திருப்பதியிலும் பல விடுதிகள், கடைகளில் தமிழ் பேசினால் தமிழிலேயே பதில் கிடைக்கும். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை இவ்வூர்கள் வட ஆர்க்காட்டோடு சேர்ந்திருந்தவை. ரேணிகுண்டா, விமானத்தில் வருவோருக்கும் மறுநாள் காளஹஸ்தி செல்வோருக்கும் மட்டுமே பயன்படும்.

இந்தக் கணக்குகள் எல்லாம் சாதாரண நாள்களுக்கு உரியவை. புரட்டாசிப் பிரம்மோற்சவத்திலும் வைகுண்ட ஏகாதசியிலும் எந்தப் பகுதியும் அருகில் என்று சொல்லத்தக்கதன்று. 2025 ஜனவரி 8ஆம் நாள் வைகுண்ட துவார தரிசன டோக்கனுக்காகத் திருப்பதி நகரில் காத்திருந்த கூட்டத்தில் ஏற்பட்ட நெரிசலில் ஆறு பேர் உயிரிழந்தனர். கையில் உறுதியான சீட்டின்றி, வயதானவர்களுடன் அந்நாள்களில் செல்வதை அறையின் அருகாமை ஈடுசெய்யாது.

இனி, வங்கியில் பணிபுரிபவன் என்ற முறையில் பணம் பற்றிச் சில சொற்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான விடுதி அறைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டுள்ளது. பில்லில் பழைய 12 சதவீதம் தென்பட்டால் கேளுங்கள். தொலைவில் உள்ள மலிவான அறையைத் தேர்ந்தெடுக்குமுன் ஆட்டோச் செலவையும் சேர்த்துக் கூட்டிப்பாருங்கள். எடுத்துக்காட்டாக, அறை வாடகையில் நானூறு ரூபாய் மிச்சமாகி, நான்குமுறை நகருக்குள் சென்றுவரத் தலா நூற்றைம்பது ரூபாய் ஆனால், இருநூறு ரூபாய் கூடுதலாகச் செலவழித்து அலைச்சலையும் வாங்கியிருக்கிறீர்கள்.

இதைவிடப் பெரிய இழப்பு வேறு வழியில் வருகிறது. தேவஸ்தான விடுதிகளின் பெயரில் போலி இணையதளங்கள் இயங்குவதைத் தேவஸ்தானமே பலமுறை எச்சரித்துள்ளது. மலைமேல் அறை கிடைக்கவில்லை என்ற ஏக்கத்தில் தேடுவோர்தாம் அவற்றில் சிக்குகின்றனர். தேவஸ்தானத்தின் இணைய முகவரி ‘ஏபி டாட் ஜிஓவி டாட் இன்’ என்று முடியும். அவ்வாறு முடியாத தளத்திலோ, வாட்ஸ்அப்பில் வந்த க்யூஆர் குறியீட்டிலோ முன்பணம் செலுத்தாதீர்கள். முன்பணத்தைத் திருப்பித் தருவதாகக் கூறி யுபிஐ பின் எண்ணை இடச் சொல்பவர் பணத்தை எடுக்கப் பார்க்கிறார். பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. நீங்களே பின் எண்ணை இட்டு அனுப்பிய தொகையை வங்கி தன் விருப்பப்படி மீட்டுத்தர இயலாது. ஏமாற்றப்பட்டது தெரிந்தவுடன், ஊர் திரும்பும்வரை காத்திராமல், 1930 என்ற எண்ணில் புகாரைப் பதிவு செய்து உங்கள் கிளைக்கும் தெரிவியுங்கள். தொகை அடுத்த கணக்கிலிருந்து வெளியேறுமுன் முடக்கப்படும் வாய்ப்பு முதல் சில மணி நேரங்களில்தான் அதிகம்.

திருமலையில் அறைக்காகச் செலுத்தும் காப்புத் தொகை, அறையை ஒப்படைத்தபின் அதே கணக்கிற்குத் திரும்ப வரவு வைக்கப்படும். சாவியைக் கவுண்டரில் கொடுத்துக் காலி செய்ததைப் பதிவு செய்த பிறகே மலையிறங்குங்கள்.