கறுப்புச் சட்டையில் வெள்ளை எழுத்து



கோயில் திருவிழா வந்தால் தண்ணீர்ப்பந்தல் இளைஞர்களுக்கு ஒரே நிறச் சட்டை. பந்தாட்டப் போட்டி வந்தால் குழுவின் பெயர் போட்ட சட்டை. செலவைக் குறைக்கத் தோட்டத்து இளைஞர்கள் தாங்களே திரை அச்சு போடுவதுண்டு. வெள்ளைச் சட்டையில் அடிக்கும்வரை தொல்லையில்லை. கறுப்பு, கருநீலச் சட்டையைக் கையிலெடுத்ததும்தான் வம்பு தொடங்கும்.

நாங்களும் அதில் மாட்டிக்கொண்டவர்கள்தாம். பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு இரண்டு டஜன் கருநீலச் சட்டைகள் வாங்கி, வெள்ளைத் துணியில் பளிச்சென்று விழுந்த அதே மஞ்சள் மையை அவற்றிலும் இழுத்தோம். ஈரத்தில் மஞ்சள் தெரிந்தது. காய்ந்த பிறகு பாசி படிந்த சுவர்போல ஆயிற்று. பெற்றோர் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்த காசு அது. சில நாள் லயத்துப் பக்கம் தலைகாட்டவே கூச்சமாக இருந்தது.

காரணம் என்ன? சாதாரண மை கண்ணாடிக் காகிதம் போன்றது. வெளிச்சம் அதற்குள் புகுந்து, அடியிலுள்ள வெள்ளைத் துணியில் பட்டுத் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. கருந்துணியோ வந்த வெளிச்சத்தை விழுங்கிவிடும். ஆகவே, வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் வேலையை மையே செய்யவேண்டும். அப்படிப்பட்டதுதான் ஒளிபுகா மை. கடையில் 'ஒப்பேக்' என்று கேட்க வேண்டும்.

மை கெட்டியாக இருந்தால் போதாதா என்று கேட்பீர்கள். ஈரத்துணியால் துடைத்த கரும்பலகையில் உடனே சுண்ணக்கட்டியால் எழுதிப் பாருங்கள். எழுத்து மங்கலாகத்தான் இருக்கும். பலகை காய்ந்தால்தான் வெள்ளை வெளேரென்று தெரியும். சுண்ணத்தூளைச் சுற்றிக் காற்று இருக்கும்போது அது வெளிச்சத்தை நன்றாகச் சிதறடிக்கிறது. தண்ணீர் சூழ்ந்தால் அந்தச் சக்தி குறைகிறது. மையிலோ தூளைச் சுற்றி எப்போதும் பசை இருக்கிறது. அங்கே சுண்ணத்தூள் பயன்படாது. பசைக்குள் இருந்தும் வெளிச்சத்தைச் சிதறடிப்பது டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெள்ளைத்தூள். நல்ல ஒளிபுகா வெள்ளை மையில் இருப்பது அதுதான். எனவே, டின் கனத்தைப் பார்த்து வாங்காதீர்கள். முதலில் சிறிய டின் வாங்கி, கறுப்புத் துணித் துண்டில் அடித்து, காயவிட்டுப் பாருங்கள். ஈரத்தில் தெரிவதை நம்பாதீர்கள்.

சிவப்பு பளிச்சென்று வரட்டும் என்று அதில் வெள்ளையைக் கலப்பவர்கள் உண்டு. கிடைப்பது இளஞ்சிவப்புதான். முதலில் வெள்ளையை அடித்து, தொட்டால் ஒட்டாத அளவுக்குச் சூடு காட்டி, அதன்மேல் சிவப்பை அடிப்பதே சரி. திரைத்துணியும் சற்று அகலக் கண்ணுள்ளதாக இருக்கட்டும். சென்டிமீட்டருக்கு 43 இழை உள்ளது பொருந்தும். நெருக்கமான துணியில் மை போதிய அளவு இறங்காது.

மையில் இரு வகை முக்கியம். பிளாஸ்டிசால் மை காற்றிலோ வெயிலிலோ காயவே காயாது. பெரும்பாலான மைகளுக்கு ஏறத்தாழ 160 பாகை செல்சியஸ் வெப்பம், மையின் அடிவரை ஏறவேண்டும். சூட்டடுப்பு இல்லாதவர்களுக்கு அது உதவாது. நீர் கலந்த ஒளிபுகா மையே தோட்டத்திற்கு ஏற்றது என்பது எங்கள் கருத்து. நன்கு காய்ந்த பின், டின்னில் குறித்துள்ளபடி இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றலாம். ஒரு தொல்லை: திரையிலேயே சீக்கிரம் காய்ந்து கண்ணை அடைத்துவிடும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கை ஓயாமல் அடிக்கவேண்டும்.

பந்தாட்டச் சட்டைகள் பெரும்பாலும் பாலியஸ்டர். சூடு பட்டால் துணியின் சாயம் ஆவியாகி மைக்குள் ஏறும். அன்று வெள்ளையாக இருந்த எண், சில நாளில் இளஞ்சிவப்பாகிவிடலாம். கருஞ்சிவப்புத் துணியில் இந்த ஆபத்து அதிகம். அதற்கென்றே குறைந்த சூட்டில் இறுகும் 'லோ பிளீட்' மை உண்டு. முடிந்தால் பருத்திச் சட்டையாகவே வாங்கிவிடுங்கள்.

எதுவானாலும் முதலில் ஒரே ஒரு சட்டையை அடியுங்கள். மறுநாள் எழுத்தை இழுத்துப் பாருங்கள், வெடிக்கக்கூடாது. பிறகு மூன்று நான்கு தடவை சவர்க்காரம் போட்டுத் துவைத்துப் பாருங்கள். எழுத்து நின்றால், மற்றச் சட்டைகளைப் பிரிக்கலாம்.