நீங்கள் இல்லாத இடத்திலும் உங்கள் நிரல் ஓடுமா?

பள்ளிக் கணினிக் கழகத்தில் நீங்களும் நண்பர்களும் சேர்ந்து ஒரு கருவியைச் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மைக்ரோபிட் பலகையுடன் இரண்டு ஆணிகளை இணைத்துப் பூச்சட்டி மண்ணில் குத்தி வைக்கிறீர்கள். மண் காய்ந்தால் பலகையின் சிறு விளக்குகள் எரிந்து எச்சரிக்கும். நிரல் நன்றாகவே ஓடுகிறது. ஐந்தாம் படிவம் முடிந்து நீங்கள் பள்ளியை விட்டுப் போய்விடுகிறீர்கள்.

அடுத்த ஆண்டு இரண்டாம் படிவ மாணவர் ஒருவர் அந்தக் கோப்பைத் திறக்கிறார். எதை எங்கே இணைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அரை மணி நேரம் முயன்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார். நிரலில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் அது இனி யாருக்கும் பயன்படப் போவதில்லை.

இந்த நிலையைத் தவிர்க்க ஒரு பக்க அறிமுகக் குறிப்பு போதும். மென்பொருள் உலகில் அதை 'ரீட்மீ' என்பார்கள். 'என்னைப் படி' என்பது அதன் பொருள். 1970களிலிருந்தே நிரலாளர்கள் தங்கள் நிரல்களோடு இப்படி ஒரு கோப்பை வைத்து வருகிறார்கள். இன்று கிட்ஹப் தளத்தில் ஒரு திட்டத்தைத் திறந்தால், கோப்புகளின் பட்டியலுக்குக் கீழே இந்தக் குறிப்பு தானாகவே தோன்றும்.

ஆனால் நல்ல குறிப்புகள் குறைவு. கிட்ஹப் 2017இல் திறந்த மூல மென்பொருள் பற்றி ஓர் ஆய்வு நடத்தியது. ஆவணங்கள் முழுமையாக இல்லாததும் பழையனவாகிவிடுவதும் பெரும் சிக்கல் என்று அதில் 93 விழுக்காட்டினர் கூறினர். அதே ஆய்வில், மென்பொருளுக்குப் பங்களிப்போரில் 60 விழுக்காட்டினர், ஆவணம் எழுதுவதில் தாங்கள் அரிதாகவே பங்கெடுக்கிறோம் அல்லது பங்கெடுப்பதே இல்லை என்றனர்.

தெரிந்தவருக்குத்தான் கடினம்

ஒரு நிரலைப் பற்றி எழுத, அதை உருவாக்கியவரே பொருத்தமானவர் என்று நினைப்போம். ஆனால் அவருக்குத்தான் அது கடினம். இதை விளக்க 1990இல் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் செய்த சோதனை உதவும். ஒருவர் தெரிந்த பாடல் ஒன்றின் தாளத்தை மேசையில் தட்ட வேண்டும். எதிரே இருப்பவர் அது எந்தப் பாடல் என்று சொல்ல வேண்டும். பாதிப் பாடல்களையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் எதிர்பார்த்தனர். உண்மையில் 120 பாடல்களில் 3 மட்டுமே சரியாகச் சொல்லப்பட்டன.

ஏன் இவ்வளவு வேறுபாடு? தட்டுபவரின் மனத்துக்குள் முழுப் பாடலும் ஒலிக்கிறது. கேட்பவருக்கோ வெறும் 'டொக் டொக்' ஓசைதான். ஒன்றை நன்றாக அறிந்த பிறகு, அதை அறியாதவரின் நிலையை நம்மால் எளிதில் கற்பனை செய்ய முடிவதில்லை. உளவியலில் இதை 'அறிவின் சாபம்' என்கிறார்கள்.

நம் பூச்சட்டிக் கருவிக்கு வருவோம். 'பலகையைக் கணினியில் இணைத்து நிரலை ஏற்றவும்' என்று எழுதினால் போதும் என்று நமக்குத் தோன்றும். ஆனால் சில யுஎஸ்பி வடங்கள் மின்னூட்டத்துக்கு மட்டுமே பயன்படும்; அவற்றில் தரவு செல்லாது. அத்தகைய வடத்தைச் செருகினால் பலகையில் விளக்கு எரியும், ஆனால் கணினித் திரையில் 'மைக்ரோபிட்' என்ற இயக்ககம் தோன்றாது. புதியவர் பலகைதான் பழுது என்று முடிவுகட்டிவிடுவார். 'தரவு செல்லும் வடம் தேவை' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அவர் தப்பியிருப்பார்.

ஐந்து கேள்விகள்

நல்ல அறிமுகக் குறிப்பு கீழ்க்காணும் கேள்விகளுக்கு இதே வரிசையில் விடை தரும்.

1. இது என்ன செய்யும்? ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். 'பூச்சட்டி மண் காய்ந்ததும் விளக்கால் எச்சரிக்கும் கருவி.'

2. என்னென்ன தேவை? பலகை, தரவு வடம், இரண்டு ஆணிகள், முதலைக் கவ்வி உள்ள இரண்டு கம்பிகள்.

3. எப்படித் தொடங்குவது? ஒரு படிக்கு ஒரு செயல். 'ஓர் ஆணியை 3வி முனையிலும் மற்றதை 0 முனையிலும் இணைக்கவும்' என்பது ஒரு படி. 'ஹெக்ஸ் கோப்பை மைக்ரோபிட் இயக்ககத்துக்குள் இழுத்து விடவும்' என்பது இன்னொரு படி.

4. சரியாக ஓடுகிறது என்று எப்படி அறிவது? பலகை காட்டும் அளவு 0 முதல் 1023 வரை இருக்கும். ஈர மண்ணில் மின்சாரம் எளிதாகப் பாயும் என்பதால் எண் கூடும். காய்ந்த மண்ணில் குறையும். இதைச் சொல்லிவிட்டால் படிப்பவர் தாமே சோதித்துக்கொள்வார்.

5. என்ன குறை உண்டு? 'ஆணி துருப்பிடித்தால் அளவு மாறும்' என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

குறையை எழுதுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 எனத் தேதியிடப்பட்டது. அதில் ஒவ்வொரு கட்டளையும் பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் என ஒரே வரிசையில் விவரிக்கப்பட்டது. அந்தத் தலைப்புகளில் 'பிழைகள்' என்பதும் ஒன்று. தம் மென்பொருளின் குறைகளை அதை எழுதியவர்களே அங்குப் பட்டியலிட்டனர். அந்த அமைப்பு இன்றும் தொடர்கிறது.

எழுதியதைச் சோதியுங்கள்

நிரலைச் சோதிப்பதுபோல் குறிப்பையும் சோதிக்க வேண்டும். கருவியைப் பார்த்திராத நண்பரிடம் குறிப்பை மட்டும் கொடுங்கள். அருகில் அமர்ந்து பாருங்கள், ஆனால் வாய் திறக்காதீர்கள். அவர் தயங்கி நிற்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அங்கெல்லாம் வாக்கியத்தைத் திருத்துங்கள். பிறகு இன்னொரு நண்பரிடம் கொடுங்கள். முதலாமவருக்கு இப்போது வழி தெரிந்துவிட்டது. நிரலை மாற்றும் நாளிலேயே குறிப்பையும் மாற்றிவிடுங்கள்.

இதில் மாணவர்களுக்கு ஒரு வாய்ப்பும் உண்டு. உலகெங்கும் உள்ள திறந்த மூலத் திட்டங்கள் பலவற்றில் குறிப்புகளைத் திருத்த யாரும் பரிந்துரை அனுப்பலாம். ஒரு படி விடுபட்டிருப்பது அனுபவமுள்ள நிரலாளரின் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். முதன்முறையாக அதை நிறுவிப் பார்க்கும் உங்களுக்கு அது உடனே தெரியும். அடுத்த முறை ஒரு மென்பொருளை நிறுவும்போது எங்கே தடுமாறினீர்கள் என்று எழுதி வையுங்கள். அந்தத் திட்டத்துக்கு நீங்கள் அனுப்பும் முதல் பங்களிப்பு அதுவாகவே இருக்கலாம்.